பனாமா தேக்கு வாங்குனா குடும்பத்துக்கே ரெசிடென்சியா? பணம் அனுப்புறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, மண்டபம்னு நம்ம கடற்கரை ஊர் வாட்ஸ்அப் குரூப்புல எல்லாம் ஒரு விளம்பரம் சுத்திக்கிட்டு இருக்கு. பனாமா நாட்டுல தேக்குத் தோட்டத்துல முதலீடு பண்ணுங்க, புருஷன் பொண்டாட்டி பிள்ளைங்க எல்லாருக்கும் ரெசிடென்சி (அந்த நாட்டுல தங்குறதுக்கான அனுமதி), மரம் வளர வளர பணமும் வளரும், இருபது வருஷத்துல பல மடங்கு, இப்படிப் போகுது அது. நான் ராமநாதபுரத்துல ஆடிட்டரா இருக்கேன், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புறதுக்கான பேப்பர் வேலைக்கு ஆளுங்க வர்றப்ப அந்த கலர் புக்லெட்டையும் கொண்டு வர்றாங்க, பாதிப் பேர் அட்வான்ஸ் கொடுத்துட்டுத்தான் வர்றாங்க. அதனாலதான் இதை எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு, இந்தத் திட்டம் பொய் இல்ல. பனாமாவுல காடு வளர்ப்புக்குச் சலுகை கொடுக்குற சட்டம் 1992லயே வந்துடுச்சு, சட்டம் எண் 24. அதுல பதிவான தோட்டத்துல முதலீடு பண்ற வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு தனியா ஒரு ரெசிடென்சி வகையும் இருக்கு. ரொம்ப வருஷம் 80,000 டாலர்னு விளம்பரம் ஓடுச்சு, அப்புறம் விதி மாறுச்சு, தொகையும் கூடிடுச்சு. பழைய தொகையையே இன்னும் அச்சடிச்சுக் கொடுக்குறாங்கன்னா அங்கேயே ஒரு சந்தேகம் வரணும். திட்டம் நிஜமா இருக்குறதாலதான் ஏமாத்துறவனுக்கு வசதி, கூகுள்ல தேடுனா அரசாங்க சட்டம் வருது, உடனே நம்மாளு நம்பிடுறாரு. சட்டம் உண்மைதான், ஆனா அவரு கையில இருக்குற ஒப்பந்தம் அந்தச் சட்டத்துக்குக் கீழ வருதாங்கிறதை யாரும் பாக்குறதில்ல.

நான் வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்றது இதுதான்: நீங்க வாங்குறது ரெண்டு சாமான். ஒண்ணு ரெசிடென்சி கார்டு, இன்னொண்ணு தேக்குத் தோட்டம். ரெண்டுக்கும் தனித்தனியா விலை போட்டுப் பாருங்க. ரெசிடென்சியே இல்லைன்னாலும் இந்தத் தோட்டத்தை இந்த விலைக்கு வாங்குவீங்களா? தோட்டம் நாளைக்கே எரிஞ்சு போனாலும் இந்தக் கார்டுக்காக இவ்வளவு பணம் கொடுப்பீங்களா? ரெண்டுக்குமே உங்க பதில் "மாட்டேன்"னா விட்டுருங்க. விக்கிறவன் இதை எப்பவும் பிரிக்க விடமாட்டான், தோட்டக் கணக்கு கேட்டா வீசாவைப் பத்திப் பேசுவான், வீசாவைப் பத்திக் கேட்டா மரம் எத்தனை அடி வளரும்னு படம் காட்டுவான்.

தோட்டத்தை எடுத்துக்குவோம். தேக்கு நம்ம ஊர் சீமைக்கருவேலம் மாதிரி சில வருஷத்துல வெட்டி மூட்டம் போட்டு கரியாக்கி காசு பாக்குற மரம் இல்ல. தோட்டத்துல வெச்சா 20, 25 வருஷம் நிக்கணும் நல்ல வைரம் பாய. அதுவரைக்கும் களை எடுக்கணும், தீ வராம பாக்கணும், இலையத் திங்கிற புழுவைக் கவனிக்கணும், காவலுக்கு ஆள் போடணும், எல்லாத்துக்கும் செலவு இருக்கு. விளம்பரத்துல ஒரு தப்புக் கணக்கு வரும் பாருங்க. மூணு மீட்டருக்கு மூணு மீட்டர் இடைவெளியில ஒரு ஹெக்டேருக்கு கிட்டத்தட்ட 1,100 கன்னு வைக்கிறாங்க. அந்த 1,100ஐ அப்படியே ஒரு மரத்தோட விலையால பெருக்கி கோடிக்கணக்குல ஒரு தொகை போட்டுருப்பாங்க. ஆனா தேக்கு வளர்க்குறவங்களுக்குத் தெரியும், இடையில ரெண்டு மூணு தடவை நெருக்கமா இருக்குற மரத்தை வெட்டிக் கலைச்சு விட்டாத்தான் மீதி மரம் பெருக்கும், கடைசி வெட்டுக்கு நிக்கிறது சில நூறு மரம்தான். நடுவுல வெட்டுற சின்ன மரத்துக்கு விலை கம்மி. தோட்டத் தேக்குக்கு இயற்கைக் காட்டுத் தேக்கு விலையும் கிடைக்காது. பனாமா தேக்குக்கு பெரிய மார்க்கெட்டே நம்ம நாடுதான், தூத்துக்குடி துறைமுகத்துல கண்டெய்னர்ல வந்து இறங்குற தேக்குத் தடியில பனாமா, ஈக்வடார் மரமும் உண்டு. அதனால விலையைத் தெரிஞ்சுக்க அவன் புக்லெட்டை நம்ப வேண்டியதே இல்ல, தூத்துக்குடி போயி மர வியாபாரிகிட்ட இன்ன சுத்தளவு தோட்டத் தேக்கு என்ன விலைக்கு இறங்குதுன்னு கேளுங்க, ஒரு மதியம் போதும்.

அடுத்தது நிலம். இதுதான் ரொம்ப முக்கியம். பனாமாவுல ஒவ்வொரு பட்டா நிலத்துக்கும் ஃபின்கா நம்பர்னு ஒண்ணு உண்டு, ரெஜிஸ்ட்ரோ புப்ளிகோங்கிற பொதுப் பதிவு அலுவலகத்துல அதைப் போட்டுப் பாத்தா யார் பேருல இருக்கு, அடமானம் இருக்கான்னு தெரியும், நம்ம வில்லங்கச் சான்று மாதிரிதான். ஆனா அங்க அனுபவ பாத்தியதை நிலமும் நிறைய கெடக்கு, ஆண்டு அனுபவிக்கிற உரிமை மட்டும் இருக்கும், பட்டா இருக்காது. புக்லெட்டுல ரெண்டுக்கும் ஒரே பச்சைப் படம்தான் போடுவான். அதனால கேக்க வேண்டியது, ஃபின்கா நம்பர் என்ன, அந்தத் தோட்டம் அந்நாட்டு சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட காடு வளர்ப்புப் பதிவேட்டுல எந்தப் பேருல இருக்கு, நிலம் என் பேருக்கு வருதா இல்ல கம்பெனி பங்கு மட்டும் வருதா, இல்ல மரத்தை மட்டும் குத்தகைக்குத் தர்றியா? பாம்பன்ல படகு வெச்சிருக்குற ஒருத்தர் கொண்டு வந்த ஒப்பந்தத்துல நிலமும் இல்ல, பங்கும் இல்ல, "இன்ன எண்ணிக்கை மரங்களின் எதிர்கால அறுவடையில் பங்கு"ன்னு மட்டும் இருந்துச்சு. இதை வெச்சு எந்த நாட்டுக் குடிவரவு ஆபீஸும் உங்களை நில முதலீட்டாளர்னு எடுத்துக்காது. அந்த அண்ணன் படகை வித்து அனுப்புறதா இருந்தாரு. அவரு வீட்டம்மா கூட வந்திருந்தாங்க, "இதுல நம்ம பேரே இல்லையேங்க"ன்னு அவங்கதான் முதல்ல கண்டுபிடிச்சாங்க.

இப்ப ரெசிடென்சி. கார்டு கிடைச்சா என்ன கிடைக்கும்னு தெளிவா தெரிஞ்சுக்கங்க, இதுலதான் நம்ம ஆளுங்க ரொம்ப ஏமாந்து போறாங்க. கீழக்கரையில இருந்து வந்த ஒரு காக்கா (அங்க அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாங்க), துபாய்ல பல வருஷம் கடை வெச்சு நடத்துனவரு, "தம்பி, அங்கிட்டுப் போயி சின்னதா ஒரு மளிகைக் கடை போட்டா பிள்ளைக பாத்துக்கும்ல"ன்னாரு. பனாமா அரசியல் சட்டத்துல 293வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, சில்லறை வியாபாரத்தை அந்நாட்டு மக்களுக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கு. ரெசிடென்சி கார்டு இருக்குன்னு கடை தொறக்க முடியாது. அங்க இருக்குற கொலோன் ஃப்ரீ ஸோன்ங்கிற வரியில்லா வியாபாரப் பகுதியில சிந்திக்காரங்க, குஜராத்திக்காரங்க பல தலைமுறையா கொடிகட்டிப் பறக்குறாங்கன்னு விளம்பரத்துல போடுவாங்க, அது நிஜம்தான், ஆனா அவங்க பண்றது மொத்த வியாபாரம், ஏற்றுமதி இறக்குமதி. சம்பளத்துக்கு வேலை பாக்கணும்னா தொழிலாளர் அமைச்சகத்துல தனியா வேலை அனுமதி வாங்கணும். இதைச் சொன்னதும் காக்கா கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "அப்ப இதை ஏன் அவன் சொல்லல"ன்னு கேட்டாரு. அவன் சொல்ல மாட்டான் காக்கா, அவனுக்கு கமிஷன் மரத்துல.

பாஸ்போர்ட் கதையும் அப்படித்தான். நிரந்தர ரெசிடென்சி வந்து அஞ்சு வருஷத்துக்கு அப்புறம்தான் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே முடியும், ஸ்பானிஷ் தெரியணும், அந்நாட்டு வரலாறு பூகோளம் தெரியணும். அதுவும் நம்ம நாட்டுல இரட்டைக் குடியுரிமை கிடையாது, 1955 குடியுரிமைச் சட்டம் 9வது பிரிவுப்படி வேற நாட்டுக் குடியுரிமை வாங்குன நொடியே இந்தியக் குடியுரிமை போயிடும். குடியுரிமை போனதுக்கப்புறம் நம்ம ஊர்ல விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது. இன்னொரு புரட்டும் உண்டு, பனாமாவுல 2012ல நட்பு நாடுகள் வீசான்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, அது சுலபம்னு பேரு வாங்குச்சு, அந்தப் பட்டியல்ல இந்தியா இல்ல. ஆனா சில ஏஜென்ட் அந்த வீசாவோட சலுகைகளை எடுத்து தேக்கு வீசா பக்கத்துல ஒட்டி வெச்சிருக்கான்.

சரி, எல்லாம் பாத்து, வக்கீல் வெச்சு, அனுப்பலாம்னே முடிவு பண்ணிட்டீங்கன்னு வைங்க. எப்படி அனுப்புறது? இங்க இருக்குற ஆளு ரிசர்வ் வங்கியோட எல்ஆர்எஸ்ங்கிற வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புற திட்டத்துல ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரைக்கும் பேங்க் வழியா அனுப்பலாம், ஏ2 ஃபாரம், பான் கார்டு வேணும். 10 லட்சம் ரூபாய்க்கு மேல போற தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது முன்கூட்டியே எடுத்துக்குற வரி, பிடிப்பாங்க. டாலர் 85 ரூபாய்னு வெச்சாக்கூட ஒரு லட்சம் டாலருக்கு 85 லட்சம் ஆகுது, 75 லட்சத்துக்கு 20 சதவீதம்னா 15 லட்சம். இது வருமான வரில கழிச்சுக்கலாம், மிச்சம் ரீஃபண்டும் வரும், ஆனா அன்னிக்கு கையில அந்த 15 லட்சமும் இருக்கணும், ஏஜென்ட் இதைச் சொல்லவே மாட்டான். நகையை வெச்சு, லோன் போட்டு அனுப்பலாம்னு சில பேர் வர்றாங்க, இந்த மாதிரி முதலீட்டுக்கு அனுப்புறதுக்கு பேங்க் கடன் கொடுக்கக் கூடாதுன்னே ரிசர்வ் வங்கி விதி இருக்கு. புருஷன் பேருல பாதி பொண்டாட்டி பேருல பாதின்னு பிரிச்சு அனுப்பணும்னா சொத்துலயும் ரெண்டு பேரும் பங்குதாரரா இருக்கணும்.

நிலம் வாங்குறதுக்கும் கம்பெனி பங்கு வாங்குறதுக்கும் விதி வேற வேற. பங்குச் சந்தையில லிஸ்ட் ஆகாத வெளிநாட்டுக் கம்பெனி பங்குன்னா அது 2022 ஓவர்சீஸ் இன்வெஸ்ட்மென்ட் விதிக்குள்ள வரும், பேங்க் மூலமா ஃபாரம் எஃப்சி போட்டு, அந்த முதலீட்டுக்குன்னு தர்ற அடையாள எண்ணான யூஐஎன் நம்பர் வாங்காம பணம் போகவே கூடாது. அந்தக் கம்பெனி நிலத்தை வாங்கி விக்கிற வேலை பண்ணுதுன்னா அதுல முதலீடே பண்ண முடியாது. ஏஜென்ட் "கன்சல்டன்சி ஃபீஸ்னு போட்டு அனுப்புங்க, சுலபமா போயிடும்"னு சொல்லுவான். அப்படி அனுப்புனா நாளைக்கு அந்த முதலீடு உங்களோடதுன்னு காட்ட உங்ககிட்ட ஒரு காகிதம் இருக்காது, ஃபெமாங்கிற அந்நியச் செலாவணிச் சட்டத்துலயும் மாட்டுவீங்க.

வளைகுடாவுல இருக்குறவங்களுக்கு, போன வருஷம் திரும்பி வந்தவங்களுக்கு நிலைமை வேற. என்ஆர்ஐயா இருக்குற வரைக்கும் எல்ஆர்எஸ் உங்களுக்கு இல்ல, என்ஆர்இ கணக்குல (வெளிநாட்டுல சம்பாதிச்சதைப் போடுறது) இருக்குறதை தாராளமா வெளிய எடுக்கலாம், என்ஆர்ஓ கணக்குல (இங்க வர்ற வருமானத்தைப் போடுறது) இருந்து வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் வரைக்கும். நிரந்தரமா ஊருக்குத் திரும்பிட்டா என்ஆர்இ கணக்கை மாத்தணும், அப்ப திரும்பி வந்தவங்க வெளிநாட்டுப் பணமாவே வெச்சுக்குற ஆர்எஃப்சி கணக்குல போட்டு வெச்சா அந்த டாலரை வெளிநாட்டுல செலவு பண்ணத் தடை இல்ல. வெளிநாட்டுல இருந்தப்ப வாங்குன சொத்தையும் ஃபெமா 6(4) பிரிவுல அப்படியே வெச்சுக்கலாம். துபாய்ல இருந்து வர்ற நம்ம மக்கள் நிறைய பேருக்கு இது தெரியாம எல்லாத்தையும் ரூபாயா மாத்திட்டு மறுபடி டாலர் வாங்க நிக்கிறாங்க.

அனுப்புனதோட முடியல. இங்க சாதாரண ரெசிடென்டா வரி கட்டுற ஆளுன்னா வருஷா வருஷம் ரிட்டர்ன்ல எஃப்ஏ ஷெட்யூல்ங்கிற வெளிநாட்டுச் சொத்துப் பட்டியல்ல அந்தத் தோட்டத்தைக் காட்டியே ஆகணும், ஒரு பைசா வருமானம் வரலைன்னாலும். காட்டலைன்னா 2015 கறுப்புப் பணச் சட்டத்துல 10 லட்சம் அபராதம். 20 லட்சத்துக்குள்ள இருக்குற சொத்துக்கு விலக்கு கொடுத்துருக்காங்க, ஆனா நிலம் கட்டடத்துக்கு அது கிடையாது.

பேங்க் இல்லாம ஹவாலா மாதிரி உண்டியல்ல அனுப்பலாமான்னு கேக்காதீங்க. சில ஏஜென்ட் டிசிஎஸ் மிச்சம்னு ஆசை காட்டுறாங்க. மாட்டுனா போன தொகைக்கு மூணு மடங்கு வரைக்கும் அபராதம். அதைவிட முக்கியம், பேங்க் வழியா முதலீட்டுப் பணம் வந்ததுன்னு காட்டாம அந்த ஊரு குடிவரவு ஆபீஸ்ல உங்க விண்ணப்பமே நிக்காது. அப்ப உங்க பணம் எதுக்குப் போச்சு?

வெளிநாட்டுல இது புதுசும் இல்ல. பிரேசில்ல தேக்குத் தோட்டம்னு சொல்லி பிரிட்டன்ல கிட்டத்தட்ட 2,000 பேர்கிட்ட 37 மில்லியன் பவுண்ட் சுருட்டுன ரெண்டு பேருக்கு 2023ல தலா 11 வருஷம் ஜெயில் கொடுத்தாங்க. படிச்ச ஆளுங்க, பென்ஷன் பணத்தைப் போட்டவங்க. தொண்ணூறுகள்ல நம்ம தமிழ்நாட்டுலயே தேக்குக் கம்பெனிங்க எத்தனை குடும்பத்தை நடுத்தெருவுல விட்டுச்சுன்னு அம்பது வயசுக்கு மேல இருக்குறவங்களுக்கு ஞாபகம் இருக்கும், அப்ப வீசா இல்ல, இப்ப அதுல வீசாவையும் சேத்துட்டாங்க.

இந்த ஏஜென்ட் "எங்களுக்கு வெளியுறவுத்துறை லைசென்ஸ் இருக்கு"ன்னு ஒரு நம்பர் காட்டுவாங்க. அது 1983 குடிபெயர்வுச் சட்டத்துல வேலைக்கு ஆள் அனுப்புறதுக்கான லைசென்ஸ், இ-மைக்ரேட் தளத்துல போட்டுச் சரிபாருங்க. அந்த லைசென்ஸ் உண்மையா இருந்தாக்கூட உங்க முதலீட்டுக்கு அது எந்தப் பொறுப்பும் ஏத்துக்காது.

ஏற்கனவே பணம் கொடுத்துட்டவங்க பயந்துக்கிட்டு சும்மா இருக்காதீங்க. ரொம்பப் பேர் ஊர்ல தெரிஞ்சா அசிங்கம்னு மூடி வெச்சிடுறாங்க, அதுலயே வருஷம் ஓடிடுது. ஆன்லைன்ல இப்பத்தான் போச்சுன்னா உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் பண்ணுங்க, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பணம் வெளிநாட்டுக்குப் போனதுக்கு ஆதாரமா பேங்க்ல ஸ்விஃப்ட் மெசேஜ் நகல் வாங்கி வைங்க. ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, ஹோட்டல்ல கூட்டம் போட்ட நோட்டீஸ், புக்லெட் எதையும் அழிக்காதீங்க. திருப்பித் தர்றேன், இவ்வளவு லாபம் தர்றேன்னு வாக்குக் கொடுத்து இங்க பலபேர்கிட்ட பணம் வாங்குன கம்பெனின்னா பொருளாதாரக் குற்றப்பிரிவுல டெபாசிட் போட்டவங்களைப் பாதுகாக்குற 1997 டிஎன்பிஐடி சட்டத்துல புகார் கொடுக்கலாம், கம்பெனி சொத்தை முடக்க அந்தச் சட்டத்துல வழி இருக்கு. வெறும் ஃபீஸ்னு வாங்கி ஏமாத்துனவன்னா பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) சட்டத்தோட மோசடிக்கான 318வது பிரிவு, மாவட்டக் குற்றப்பிரிவுல கொடுங்க. ஒரே ஆள்கிட்ட ஏமாந்த நாலு குடும்பம் சேர்ந்து போனா இன்னும் பலம். இன்னும் பணம் கொடுக்கலைன்னா ஃபின்கா நம்பரையும் ஒப்பந்தத்தோட நகலையும் வாங்கிட்டு, உங்களுக்குப் பழக்கமான ஆடிட்டர் யாரா இருந்தாலும் சரி, அட்வான்ஸுக்கு முன்னாடியே அவர்கிட்ட காட்டுங்க. நகல் தரமாட்டேன், முதல்ல டோக்கன் போடுங்கன்னு ஏஜென்ட் சொன்னா அங்கேயே எந்திரிச்சு வந்துடுங்க.