நண்பகல் நிழல் எட்டுப் போடுவது ஏன்?

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை ஒருவரின் கேள்வி இது: "பள்ளி திறந்ததிலிருந்து வாரம் ஒருமுறை, சரியாக 12 மணிக்கு, குச்சியின் நிழல் நுனி விழும் இடத்தில் புள்ளி வைக்கிறோம். நிழல் நீளும், குறுகும். ஆனால் புள்ளிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வரும் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். நான்கு மாதத்தில் அவை கோட்டை விட்டு விலகி, வளைந்துகொண்டு போகின்றன. எங்கே தப்பு செய்தோம்?"

தப்பே செய்யவில்லை. தயவுசெய்து அந்தப் புள்ளிகளை அழித்துவிடாதீர்கள். ஆண்டு முழுக்கத் தொடர்ந்தால் தரையில் நீளமான ஒரு 8 கிடைக்கும், ஒரு வளையம் சிறியதாகவும் மற்றது பெரியதாகவும். வானியலில் இதற்கு அனலெம்மா என்று பெயர். பழைய உலக உருண்டைகள் பலவற்றில் பசிபிக் பெருங்கடலின் நடுவே ஓர் 8 அச்சிட்டிருக்குமே, அதுதான் இது.

8-இன் நீளத்துக்கான காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால், சூரியன் ஜூன் 21 வாக்கில் வடகோடிக்கும் டிசம்பர் 21 வாக்கில் தென்கோடிக்கும் போய்த் திரும்புகிறது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் அது நாளுக்கு 0.4 டிகிரி நகர்வதால், அரை மீட்டர் குச்சியின் நிழல் நுனி ஒரே நாளில் 3 மில்லிமீட்டருக்கும் மேல் தள்ளிப்போகும். திரும்பும் நாட்களிலோ வாரம் முழுக்க ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும்.

8-க்கு அகலம் எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவையான பகுதி.

பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவர 23 மணி 56 நிமிடம் 4 நொடி ஆகிறது. அதற்குள் அது சூரியனைச் சுற்றும் பாதையிலும் சுமார் 1 டிகிரி முன்னே போய்விடுகிறது. ஆகவே சூரியனை மறுபடி நேருக்கு நேர் பார்க்க, இன்னும் கொஞ்சம் சுழல வேண்டும். அந்த 'இன்னும் கொஞ்சம்' சராசரியாக 3 நிமிடம் 56 நொடி. கூட்டினால் 24 மணி. கடிகாரத்துக்குத் தெரிந்தது இந்தச் சராசரி மட்டும்தான். உண்மையான 'இன்னும் கொஞ்சம்' நாளுக்கு நாள் மாறுகிறது, இரண்டு காரணங்களால்.

முதலாவது, பூமியின் பாதை நீள்வட்டம். ஜனவரி தொடக்கத்தில் சூரியனிலிருந்து 14.7 கோடி கி.மீ., ஜூலை தொடக்கத்தில் 15.2 கோடி கி.மீ. வானியலாளர் கெப்ளர் 1609-இல் சொன்னபடி, கிட்டே இருக்கும்போது வேகம் அதிகம். இதனால் ஜனவரியில் நாளுக்கு 8 நொடி கூடுகிறது. ஜூலையில் அதே அளவு குறைகிறது.

இரண்டாவது காரணம் அச்சின் சாய்வு. பாதை துல்லியமான வட்டமாக இருந்திருந்தாலும் இது இருக்கும். சொல்லிப் புரியவைப்பதைவிட, நூலும் உலக உருண்டையும் கொண்டு காட்டிவிடலாம்.

30 செ.மீ. விட்டமுள்ள உருண்டை என்றால் சுற்றளவு 94 செ.மீ. அதே நீளத்துக்கு இரண்டு நூல்கள் வெட்டுங்கள். இழுத்தால் நீளும் நூல் வேண்டாம். ஒவ்வொன்றையும் மூன்று முறை பாதியாக மடித்து, பிறகு மூன்றாக மடித்தால் 24 சம பாகம். மடிப்புகளில் பேனாவால் புள்ளி வையுங்கள். முதல் நூலை நிலநடுக்கோட்டின் மேல் ஒட்டுங்கள். இரண்டாவதைச் சாய்வாக: 0 டிகிரி தீர்க்கரேகையில் நிலநடுக்கோட்டை வெட்டி, கிழக்கே 90 டிகிரியில் கடகரேகையைத் தொட்டு, 180-இல் மறுபடி நிலநடுக்கோட்டுக்கு வந்து, மேற்கே 90 டிகிரியில் மகரரேகையைத் தொட வேண்டும். இரண்டு புள்ளிக்கு ஒருமுறை டேப் ஒட்டாவிட்டால் நூல் வழுக்கும். சாய்ந்த நூல்தான் வானத்தில் சூரியனின் ஆண்டுப் பாதை. நேர் நூல், கடிகாரம் கற்பனை செய்துகொள்ளும் சூரியனின் பாதை.

இரண்டு சூரியன்களும் 0-இல் ஒன்றாகக் கிளம்புகின்றன, ஒரே வேகத்தில். இனிப் பிள்ளைகள் புள்ளி புள்ளியாக எண்ணிக்கொண்டு வரட்டும். மூன்றாவது புள்ளியில் நேர் நூல் 45 டிகிரி தீர்க்கரேகையின் மேல் நிற்கும். சாய்ந்த நூலின் மூன்றாவது புள்ளி அந்த ரேகையை எட்டவில்லை. 6 மில்லிமீட்டர் பின்தங்கியிருக்கும். அதன் ஓட்டத்தில் ஒரு பங்கு வடக்கே ஏறுவதில் செலவாகிவிட்டது. அங்கிருந்து மேலே போகப் போகப் பாதை படுக்கையாகிறது. தீர்க்கரேகைகளோ துருவத்தை நோக்கி நெருங்கி வருகின்றன. அதே 4 செ.மீ. அடிக்கு இப்போது அதிக டிகிரி கிடைக்கிறது. ஆறாவது புள்ளியில், கடகரேகையைத் தொடும் இடத்தில், பின்தங்கிய சூரியன் சரியாக 90 டிகிரிக்கு வந்து சேர்ந்துவிடும். இந்த ஆட்டம் ஆண்டுக்கு நான்கு முறை நடக்கும்.

அந்த 6 மில்லிமீட்டர் என்பது 2.5 டிகிரி. பூமி 1 டிகிரி சுழல 4 நிமிடம். ஆக 10 நிமிடம்! நூலில் கண்ணால் பார்த்த இடைவெளி கடிகாரத்தில் 10 நிமிட வித்தியாசமாகிறது. உருண்டையும் நூலும் இத்தனை துல்லியமாக விடை தருவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இனிக் கூட்டல்தான். சாய்வினால் மட்டும் டிசம்பர் கடைசியில் நாளுக்கு 21 நொடி கூடும். நீள்வட்டத்தின் 8 நொடியையும் சேர்த்தால், ஒரு நண்பகலிலிருந்து அடுத்த நண்பகலுக்கு 24 மணி 30 நொடி அளவில் ஆகிறது. செப்டம்பர் நடுவிலோ 24 மணிக்கு 21 நொடி குறைவு. நாள்தோறும் சேர்ந்து சேர்ந்து, பிப்ரவரி 11 வாக்கில் சூரியன் கடிகாரத்துக்கு 14 நிமிடம் பிந்தியும், நவம்பர் 3 வாக்கில் 16 நிமிடம் முந்தியும் உச்சிக்கோட்டுக்கு (வானத்தில் வடக்கு தெற்காக உச்சி வழியே போகும் கற்பனைக் கோடு) வருகிறது. நவம்பரில் 12 அடிக்கும்போது சூரியன் ஏற்கெனவே மேற்கே சாய்ந்துவிட்டதால் நிழல் நுனி கிழக்கே விலகும், பிப்ரவரியில் மேற்கே. அரை மீட்டர் குச்சிக்கு இந்த விலகல் பக்கத்துக்கு 3 செ.மீ.யாவது இருக்கும்.

அந்த 3 செ.மீ.யைக் கெடுக்கப் பல வழிகள் உண்டு. முதல் எதிரி பள்ளி மணி. நிழல் நுனி நிமிடத்துக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் நகரும். மணி 5 நிமிடம் தாமதமாக அடித்தால் 1 செ.மீ. போயிற்று. கைப்பேசி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைக்கும் நாடுகளில் அந்த மாதங்களில் 1 மணிக்குக் குறிக்க வேண்டும். 12 மணி என்பதே கட்டாயமில்லை. எந்த நேரமானாலும் மாறாமல் இருந்தால் 8 வரும், சற்றுச் சாய்ந்திருக்கும், அவ்வளவே.

அடுத்தது குச்சி. 1 டிகிரி சாய்ந்தால் நுனி 9 மில்லிமீட்டர் தப்பும். மரக்குச்சி மழையில் வளையும்; இரும்புக் கம்பியைக் காங்கிரீட்டில் பதித்து, மாதம் ஒருமுறை தூக்குக்குண்டு கட்டிச் சரிபாருங்கள். நிழல் நுனி மங்கலாகத் தெரிவதும் தொல்லை. சூரியன் புள்ளியல்ல, அரை டிகிரி அகலமுள்ள தட்டு. அதனால் 50 செ.மீ. தூரத்தில் நிழலின் விளிம்பு 5 மில்லிமீட்டருக்குக் கலங்கிவிடும். கம்பியின் தலையில் 5 மில்லிமீட்டர் துளையிட்ட மெல்லிய தகட்டைத் திருகி வைத்தால், நிழலின் நடுவே 1 செ.மீ. ஒளிவட்டம் விழும். அதன் மையத்தைக் குறிப்பது எளிது. 1655-இல் வானியலாளர் காசினி இத்தாலியின் போலோன்யா நகரத் தேவாலயத்தில் செய்ததும் இதே துளை வித்தைதான். துளை வழியாகச் சூரியனைப் பார்க்க எந்தப் பிள்ளையையும் விடக்கூடாது.

"நண்பகல் 12 மணிக்குச் சூரியன் நேர் உச்சியில் இருக்கும்" என்று இன்னும் எழுதுகிறார்கள், சொல்லித்தருகிறார்கள். கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையில் இருப்பவர்களுக்கு ஆண்டில் இரண்டே நாள் சூரியன் தலைக்கு நேரே வரும். அப்பால் இருப்பவர்களுக்கு ஒருநாளும் வராது. இந்த வாக்கியத்தை நம்பி, பிள்ளைகள் வைத்த புள்ளிகளைக் கோட்டுக்கு இழுத்துத் 'திருத்துவது' நான் அறிந்தவரை அறிவியல் வகுப்பில் நடக்கக்கூடிய மிகப் பெரிய அநியாயம். கண்டதைக் கண்டபடி குறித்த குழந்தைக்கு, நீ கண்டது தப்பு என்று சொல்லிக்கொடுக்கிறோம். தொடுதிரைப் பலகைக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள், பத்து ஆண்டுக்கு யாரும் தொடாத மூன்று சதுர மீட்டர் வெயில் தரையையும் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒதுக்க வேண்டும்.

மேகம் மறைத்தால் இரண்டு நாள் முன்பின் குறிக்கலாம், அந்த நாளின் தேதியோடு. விடுமுறையில் விழும் ஓட்டையை அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் அதே தேதிகளில் அடைக்கட்டும். இந்த அளவில் வித்தியாசம் தெரியாது. சாக்பீஸ் அழிந்துபோகும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் ஆணி அடித்து, பக்கத்தில் பெயின்டால் தேதி எழுதுங்கள். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில், ஒரே ஆணிக்கு இரண்டு தேதிகள் எழுத வேண்டியிருக்கும்.