ராத்திரியில் கிச்சுக்கிச்சு வேண்டாம்

"டாக்டர், பிள்ளை ராத்திரி 11 மணி வரைக்கும் வீட்டு வளவுல ஓடிக்கிட்டே இருக்கான். தூக்க மருந்து ஏதாவது எழுதித் தாங்களேன்." காரைக்குடியில் குழந்தை மருத்துவம் பார்க்கும் எனக்கு இது வாராவாரம் வரும் கேள்வி. மருந்துக்கு முன்னால் நான் கேட்பது, எட்டரை மணிக்கு மேல் வீட்டில் என்ன நடக்கிறது என்று.

போன மாதம் வந்த 2 வயதுப் பையனின் அப்பா 9 மணிக்குத்தான் கடையடைத்து வருகிறார். பகலெல்லாம் பார்க்காத பிள்ளை. தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார், வீட்டுப் பட்டாலையில் துரத்துகிறார். களைத்தால் தூங்கிவிடுவான் என்பது அவர் கணக்கு. தூங்கும் நேரம் தாண்டிவிட்டால் குழந்தை இன்னும் துள்ளும், சிணுங்கும். அழுகையை நிறுத்தக் கைபேசி கொடுப்பார்கள். அந்த வெளிச்சம், தூக்கத்துக்கு உடம்பைத் தயார் செய்யும் மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடும்.

அப்பாவை விளையாடாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. வேகத்தைத்தான் குறைக்கச் சொன்னேன்.

கூட வந்த அப்பத்தாவை 'நண்டூருது நரியூருது' விளையாடிக் காட்டச் சொன்னேன். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாக மடக்கி, கையில் நண்டு ஏறி, அக்குளில் கிச்சுக்கிச்சு! பையன் வீறிட்டுச் சிரித்தான். "ராத்திரியில கிச்சுக்கிச்சு வேண்டாம் அப்பத்தா. நண்டு தோள்ல ஏறி அங்கேயே தூங்கட்டும்" என்றேன். குரலைத் தாழ்த்தி, மெதுவாக மறுபடி செய்தார். நண்டு முழங்கையில் நின்றபோது, பையன் அசையாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தரையில் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் பதித்த வீடென்றால் இன்னொன்று: பெரிய விளக்கை அணைத்துவிட்டு, கல்லில் இருக்கும் பூவின் இதழ்களை அவன் விரலால் ஒவ்வொன்றாகத் தடவ விடுங்கள். துணிப் பொம்மைகளைக் கொட்டான் கூடையில் படுக்கவைத்து மூடுவதும் சின்னப் பிள்ளைகளுக்குச் சலிக்காது. சோழி, புளியங்கொட்டை மட்டும் 3 வயதுக்குள் கையில் தரவே வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

1–2 வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இவ்வளவு செய்தும் தினமும் குறட்டை விட்டாலோ, தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கிய தொந்தரவாக இருக்கலாம். தூங்கும்போது ஒரு நிமிடம் கைபேசியில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.