பூட்டச் சொன்னாலும் பூட்டாத துருசு

போன சிறுபோக வெட்டு நேரத்தில்தான் அக்காவுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. தேத்தண்ணிக் கோப்பையைச் சாசரோடு தூக்கினால் கடகடவென்று அடிக்கும். வன்னி வெயிலில் எல்லோருக்கும்தான் வியர்க்கும். அவரோ விடியப்புறம் மூன்று மணிக்கும் மின்விசிறிக்குக் கீழே நனைந்து கிடந்தார். வழமையை விடக் கூடச் சாப்பிட்டும் மூன்று மாதத்தில் ஏழு கிலோ குறைந்தது. "யோசனைதான்" என்றது ஊர். இவ்வளவு இழப்பைக் கண்ட மண்ணில் நெஞ்சு படபடத்தாலும் தூக்கம் வராவிட்டாலும் அதை யோசனையின் கணக்கில் எழுதிவிடுவது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. கடைசியில் ஒரு மருத்துவர் கையை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு தாளை வைத்தார். தாள் படபடவென்று ஆடியது. கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

துண்டு வந்தது. தைரொயிட்டுக்கான பரிசோதனையில் டிஎஸ்எச் என்ற அளவு 0.01. வழமையான அளவு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை. "குறைஞ்சுதானே கிடக்கு, பிறகேன் தைரொயிட் கூடிப்போச்சு எண்டு சொல்லுறாங்கள்?" என்று அக்கா கேட்டார். கிளினிக் வரிசையில் இதே கேள்வியோடு இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் மதகை, துருசை, நினைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் தைரொயிட் சுரப்பிதான் துருசு. அதிலிருந்து பாயும் தண்ணீர் தைரொக்சின். உடம்பின் ஒவ்வொரு கலமும் எவ்வளவு வேகமாக எரிய வேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. துருசைத் திறக்கவும் பூட்டவும் சொல்லும் அதிகாரி மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி. அவர் அனுப்பும் கட்டளைதான் டிஎஸ்எச். வாய்க்காலில் தண்ணீர் கூடினால் அவர் கட்டளையை நிறுத்திவிடுவார். ஆகவே 0.01 என்றால் அதிகாரி வாயை மூடிவிட்டார் என்று பொருள். அப்படியும் தண்ணீர் பாய்கிறது என்றால், வேறு யாரிடமோ திறப்பு இருக்கிறது.

கிரேவ்ஸ் நோயில் நடப்பது இதுதான். கிருமிகளை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள் ஒன்று, டிஎஸ்எச் பொருந்த வேண்டிய பூட்டில் போய்ப் பொருந்தித் திறந்துவிடுகிறது. சிலருக்குக் கண் முன்தள்ளுவதும் இதோடு சேர்ந்ததே. புகைபிடிப்பவருக்குக் கண் இன்னும் மோசமாகும். வேறு சிலருக்குச் சுரப்பியில் வளர்ந்த கட்டி தன்பாட்டில் சுரக்கும். இன்னும் சிலருக்கு, முக்கியமாகப் பிள்ளை பெற்ற சில மாதங்களில், சுரப்பி அழற்சி கண்டு சேமிப்பில் இருந்த தைரொக்சின் கசிந்துவிடும். அது துருசு திறந்ததல்ல, அணை கசிந்தது. பூட்டுகிற மருந்து அதற்கு உதவாது. பெரும்பாலும் தானாக அடங்கும். அதனால் 'எனக்கு எந்த வகை?' என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. எதிர்ப்பொருள் பரிசோதனையும் ஸ்கானும் இதற்காகத்தான்.

தைரொக்சின் சுரக்க அயடின் வேண்டும். கடலுப்பில் இயற்கையாக இருக்கும் அயடின் மிகக் கொஞ்சம். அதனால்தான் கடை உப்பில் அதைச் சேர்க்கிறார்கள். கிரேவ்ஸ் வந்ததற்கு அந்த உப்பைக் குற்றம் சொல்லி வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கும் குழந்தைகளுக்கும் அது கட்டாயம் தேவை.

சரி, வைத்தியம். அக்காவுக்கு வந்தது கிரேவ்ஸ். கார்பிமசோல் குளிசை கொடுத்தார்கள். அது புதிதாகச் சுரப்பதைத்தான் தடுக்கும். துருசைப் பூட்டினாலும் வாய்க்காலில் நிற்கிற தண்ணீர் வற்ற நாள் எடுக்குமல்லவா? இரத்தத்தில் உள்ள தைரொக்சின் பாதியாகவே பல நாட்கள் ஆகும். சுரப்பிக்குள் சேமிப்பும் உண்டு. சுகம் தெரிய மூன்று முதல் ஆறு வாரம் செல்லும். அதுவரை படபடப்பை அடக்கப் புரோப்ரனலோல் கொடுப்பார்கள். முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். குளிசையை 12 முதல் 18 மாதம் போட்டு நிறுத்தினால், ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்பி வரும்.

இந்தக் குளிசையில் ஒரு ஆபத்து உண்டு. ஆயிரத்தில் சிலருக்குத்தான் வரும். வந்தால் உயிரைக் கேட்கும். வெள்ளணுக்கள் திடீரென்று விழுந்துவிடும், பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில். காய்ச்சல், தொண்டை நோ, வாய்ப்புண் என்று தொடங்கும். வன்னியில் காய்ச்சல் என்றால் டெங்கு, வயல் காலத்தில் எலிக்காய்ச்சல். முதலில் இரண்டு பனடோல் போட்டுப் படுப்போம். கார்பிமசோல் எடுப்பவர் அப்படிப் படுக்கக் கூடாது. குளிசையை நிறுத்தி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்த அணுக்களை எண்ண வேண்டும். டெங்குக்கு எடுக்கும் அதே எஃப்பிசி தான். 'கார்பிமசோல் குடிக்கிறேன்' என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். கருத்தரிக்க நினைப்பவர்களும் முன்பே சொல்ல வேண்டும். முதல் மாதங்களுக்கு வேறு குளிசை மாற்றுவார்கள்.

அடுத்தது கதிரியக்க அயடின். தைரொயிட் அயடினை இழுத்துக்கொள்ளும் பழக்கத்தையே பயன்படுத்தி, உள்ளிருந்தபடி அதைச் சுருக்குவது. 1941 முதல் செய்துவருகிறார்கள். பலருக்கு ஒரு தடவையே போதும். ஆனால் பிறகு பெரும்பாலோருக்குச் சுரப்பு குறைந்து, ஆயுள் முழுக்கத் தைரொக்சின் குளிசை வேண்டிவரும். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் கூடாது. கண் பாதிப்பு கூடக்கூடும். ஆறு மாதமாவது கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். சில நாட்கள் சின்னப் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துப் படுக்கவும் முடியாது. இரண்டு அறை வீட்டில் மூன்று வயதுப் பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்கு இது சின்ன விஷயமல்ல.

சத்திரசிகிச்சை விரைவில் முடியும். பெரிய கழலைக்கு அதுவே நல்லது. குரல் நரம்பும், கல்சியத்தைக் காக்கும் அரிசியளவு சுரப்பிகள் நான்கும் பக்கத்திலேயே இருப்பதால், அதிகம் செய்து பழகிய கை வேண்டும்.

அக்கா குளிசையைத்தான் தெரிந்தெடுத்தார். காரணம் மகள், அவளுக்கு மூன்று வயது. கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்: "காய்ச்சல், தொண்டை நோ – குளிசை நிற்பாட்டு, எஃப்பிசி." பதினெட்டாம் மாதம் எதிர்ப்பொருளை மறுபடி பார்ப்பார்கள். நோய் திரும்பினால் அயடினுக்குப் போவதாக இப்போதே பேசி வைத்திருக்கிறார். அதற்குள் மகள் அம்மம்மாவோடு படுக்கப் பழகிவிடுவாள்.