போர் போடும் முன் கிராங்க் சீலைப் பாருங்கள்: ஆர்எக்ஸ் 100 இன்ஜின் வேலை

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் இன்ஜினை வீட்டிலேயே பிரித்துக் கட்டுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்ததா, உடனே போர் போட்டு, அதாவது சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து, புது பிஸ்டன் மாட்டிவிடுகிறார்கள். பிடித்த காரணம் உள்ளேயே இருந்தால் புது பிஸ்டனும் பிடிக்கத்தான் செய்யும்.

முதலில் கிராங்க் சீல்கள், அதாவது கிராங்க் தண்டின் இரு பக்கமும் காற்று புகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள். மேக்னட் பக்கத்து ரப்பர் காய்ந்துபோனால் அந்த வழியாகக் காற்று உள்ளே போகும். பெட்ரோல் கலவை மெலிந்து பிஸ்டன் சூடேறும். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் (இன்ஜின் சுற்றும் வேகம்) இறங்காது, பிளக் வெளுத்திருக்கும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை இழுத்துப் புகை தள்ளும்.

இதைச் சோதிக்க இரத்த அழுத்தம் பார்க்கும் பழைய முள் வைத்த பிபி கருவி போதும். சிலிண்டரில் சைலன்சர் மாட்டும் வாயை டியூப் ரப்பர் வைத்து இறுக்கி அடைத்து, கார்புரேட்டர் மாட்டும் இடத்தில் அதன் குழாயைக் காற்று போகாமல் பொருத்துங்கள். பிஸ்டன் கீழே இருக்கட்டும். முள் 300 காட்டும்வரை மெதுவாக அழுத்துங்கள். அது ஏறக்குறைய 6 பிஎஸ்ஐ, அதற்கு மேல் வேண்டாம். முள் மளமளவென்று இறங்கினால் சீல், பேக்கிங், பிளக் என ஒவ்வொன்றிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். மேக்னட்டைக் கழற்ற புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) கட்டாயம். சுத்தியால் தட்டினால் கிராங்க் கோணிவிடும்.

பிஸ்டனை வாங்கிய பிறகே போருக்குக் கொடுங்கள். 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று ஓவர்சைஸ் (அளவு கூடிய பிஸ்டன்) வரும். லேத்தில் அந்தப் பிஸ்டனை அளந்துதான் போர் போட வேண்டும். போர்ட் (சிலிண்டர் சுவரிலுள்ள துளை) விளிம்புகளை மழுக்கச் சொல்ல மறக்காதீர்கள். கூராக விட்டால் ரிங் அதில் சிக்கி உடையும். சுவரைத் தேய்த்து மெருகேற்றும்போது ஒட்டும் ஹோனிங் தூள் மண்ணெண்ணெய்க்குப் போகாது. வெந்நீரும் சோப்பும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளைத் துணியில் கறை வராமல் போகும்வரை துடைத்து, உடனே ஆயில் தடவுங்கள். ஈரத்தோடு விட்டால் வார்ப்பிரும்புச் சுவர் அப்போதே துருப்பிடிக்கும். பிஸ்டனின் மேல்பக்க அம்புக்குறி சைலன்சரை நோக்க வேண்டும். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் லாக்குகள் எப்போதும் புதியவையாக இருக்கட்டும்.

இன்ஜினுக்கு ஆயில் தரும் பம்ப்பின் குழாயில் ஒரு காற்றுக்குமிழி நின்றாலும் ஆயில் போகாது. அதனால் காற்றை வெளியேற்றிவிட்டு, முதல் டேங்கில் மட்டும் பெட்ரோலில் லிட்டருக்கு 20 மி.லி. டூ-டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் கலந்து ஓட்டுங்கள்.

முதல் 500 கிலோமீட்டருக்குத் தருமபுரி-சேலம் சாலையிலுள்ள தொப்பூர் கணவாய் வேண்டாம். சேலம் பக்கம் இறங்கும்போது ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கும், இன்ஜின் மட்டும் வேகமாகச் சுற்றும், ஆயிலோ மிகக் குறைவு. போயே ஆக வேண்டுமென்றால் அடிக்கடி கிளட்ச் பிடித்து ஒரு முறுக்கு கொடுங்கள்.