காடு வெட்டிய நிலத்தில் காய்கறி: முதலில் கோரையைப் பட்டினி போடுங்கள்

பல ஆண்டு தரிசாகக் கிடந்த பத்து சென்ட் நிலத்தை ஜேசிபி ஒரே நாளில் வெட்டவெளியாக்கிவிடும். மறுநாளே பாத்தி கட்டி வெண்டையும் கத்தரியும் போட்டால், சில வாரங்களில் பாத்தி முழுக்கக் கோரைதான் நிற்கும். இயந்திரம் எடுத்தது மேலே தெரிந்ததை மட்டும். மேல்மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கும் களை விதையும் அப்படியே இருக்கின்றன.

மிரட்டும் சீமைக்கருவேலத்தைக்கூட ஒழித்துவிடலாம். தரைமட்டத்தில் அறுத்தால் மறுபடி துளிர்ப்பதற்குக் காரணம், தண்டும் வேரும் சேரும் கழுத்தில் உள்ள மொட்டுகள். ஓர் அடி தோண்டி, கழுத்தோடு கடப்பாரையால் பெயர்த்து எடுத்துவிடுங்கள். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே கையுறை போட்டுப் பிடுங்க வேண்டும். தோலில் அரிப்பும் ஒவ்வாமையும் வரும்.

கோரை அப்படிப் போகாது. ஒரு செடியை மண்ணோடு பெயர்த்துப் பாருங்கள்: மெல்லிய தண்டில் கறுத்த கிழங்குகள் மாலை போலக் கோத்திருக்கும். ஒன்று முளைத்து நிற்கும்போது, அதோடு இணைந்த மற்றவை பெரும்பாலும் உறங்கும். ரோட்டவேட்டர் ஓட்டினால் இணைப்பு அறுந்து, ஒவ்வொரு கிழங்கும் தனியாக முளைக்கும். ‘உழுத பிறகுதான் கோரை அதிகமாச்சு’ என்று விவசாயிகள் சொல்வது இதைத்தான்.

ஆகவே சித்திரை வெயிலைப் பயன்படுத்துங்கள். ஈரமில்லாத மண்ணை அரையடி ஆழம் கொத்திப் புரட்டி, கிழங்குகளை மேலே கொண்டுவந்து ஒன்றிரண்டு வாரம் காயவிடுங்கள். ஈரம் வற்றினால் கிழங்கு செத்துவிடும். நடுவில் மழை பெய்தால் மறுபடி புரட்ட வேண்டும். அடுத்து தண்ணீர் விட்டு, மிச்சத்தை முளைக்க வையுங்கள். முளை விடும்போது கிழங்கு தன் சேமிப்பைச் செலவழிக்கிறது. இலைகள் பெருகிய பின் அதைத் திருப்பி நிரப்பி, நான்கு முதல் ஆறு வாரத்தில் புதுக் கிழங்கும் கட்டிவிடும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை களைக்கொத்தால் மேலாகச் செதுக்குங்கள். ஆழமாகக் கொத்தினால் அடியில் உறங்கும் களை விதைகளுக்கு வெளிச்சம் பட்டு அவையும் முளைக்கும்.

கறுப்பு ஷீட் விரித்தால் கோரை குத்திக்கொண்டு வெளியே வரும். இருட்டில் அதன் குருத்து கூராகவே இருக்கும். வெளிச்சம் புகும் நிறமற்ற பாலித்தீனுக்கு அடியிலோ இலை விரிந்து, துளைக்க முடியாமல் மாட்டிக்கொள்ளும். ஈரமண்ணில் ஓரங்களைப் புதைத்து 4 முதல் 6 வாரம் மூடினால், அந்தச் சூட்டில் மேல்மட்டக் களை விதைகளும் பெருமளவு வெந்துவிடும்.

வெட்டிய செடிகளை மண்ணில் புதைத்த கையோடு நாற்று நட்டுவிடாதீர்கள். மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஏறத்தாழ 25 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் வேண்டும். உலர்ந்த வைக்கோலில் அது 80க்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். சுள்ளியில் இன்னும் குறைவு. பற்றாக்குறையை அவை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ள, செடியின் அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். காய்ந்ததை மண்ணோடு கலக்காமல் மேலே மூடாக்காகப் பரப்பினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. எரிப்பதும் வேண்டாம், உள்ள நைட்ரஜனும் புகையாகப் போய்விடும்.

கோடை மழை கிடைத்ததும் பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டைச் சென்டுக்கு 200 கிராம் விதையுங்கள். அடர்ந்து வளர்ந்து கோரைக்கு நிழல் போடும். கோரைக்கு நிழல் ஆகவே ஆகாது. சுமார் 45 நாளில், பூக்கும் தருணத்தில் மடக்கி மண்ணில் சேர்த்து, இரண்டு வாரம் விட்டுப் பாத்தி கட்டுங்கள்.

முதல் போகத்துக்குத் தரையை மூடும் பயிர்களே சரி: தட்டைப்பயறு, பூசணி, 60 சென்டிமீட்டர் இடைவெளிப் பாரில் 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நட்ட சர்க்கரைவள்ளிக் கொடி. இலை ஒல்லியாக இருக்கும் வெங்காயமும், மெதுவாக முளைக்கும் கேரட்டும் கோரையோடு போட்டி போட முடியாது. அவற்றை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.