சிப்பாயா, தோட்டத்து ஆளா?

சிங்கப்பூரில் மாதம் ஒருமுறை சமூக மன்றத்தில் இலவசச் சட்ட ஆலோசனைக்கு உட்காருவேன். மணவிலக்கு, கடன், பக்கத்து வீட்டுச் சத்தம், பெரும்பாலும் இவைதான் வரும். போன வருடம் எழுபதைத் தாண்டிய ஓர் ஐயா, பிளாஸ்டிக் பையிலிருந்து பழைய படம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். “எங்க அப்பா ஜப்பான்காரன்கிட்ட கைதியா இருந்தவரு தம்பி. சயாம்ல அடிச்சே காலை முடமாக்கிட்டாங்க. இப்ப கேஸ் போட முடியுமா?”

அடித்தவர்கள் இன்று உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. இறந்தவர் மீது குற்ற வழக்கு கிடையாது. ஆனாலும் நான் முதலில் கேட்டது வேறு: “அப்பா பட்டாளத்துக்காரரா, தோட்டத்திலிருந்து போனவரா?”

ஜொகூரில் பால்மரத் தோட்டம் என்றார். கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லை. அடி வாங்கியவனுக்கு இரண்டும் ஒன்றுதானே?

வலிக்கு ஒன்றுதான், அன்றைய சட்டத்துக்கு இல்லை. போர்க்கைதி என்பது பிடிபட்ட படைவீரரைக் குறிக்கும் சொல். 1929 ஜெனிவா ஒப்பந்தம் அவர்களைப் பற்றித்தான் பேசியது. 1943 ஏப்ரலில் சாங்கி முகாமிலிருந்து சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போட அனுப்பப்பட்ட ‘எஃப் ஃபோர்ஸ்’ கைதிகள் சுமார் 7,000 பேர். அதில் 3,000 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்காக 1946-இல் இங்கேயே ஏழு பேர் மீது விசாரணை நடந்தது. அதே பாதையில் செத்த தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கூட எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இன்னொன்று, நம்மவர் பலருக்குத் தெரியாதது. 1946 ஜனவரியில் சிங்கப்பூரில் பிரிட்டிஷார் நடத்திய முதல் போர்க்குற்ற விசாரணையே இந்தியச் சிப்பாய்களைப் பற்றியது. அவர்களை இங்கிருந்து கப்பலில் பசிபிக் கடலின் பலாவு தீவுகளுக்குக் கொண்டுபோய், பட்டினி போட்டு அடித்து வேலை வாங்கியதற்காகப் பத்து ஜப்பானியர் நிறுத்தப்பட்டார்கள். ஒரு கைதியின் தலையை வெட்டிய அதிகாரிக்கு மரண தண்டனை. அது ராணுவ நீதிமன்றம். நடந்த இடம் பழைய உச்ச நீதிமன்றக் கட்டடம், இன்றைய தேசியக் கலைக்கூடம்.

சரி, இன்று நடந்தால்? 1949 ஜெனிவா ஒப்பந்தங்கள் நான்கு. மூன்றாவது போர்க்கைதிகளுக்கு, நான்காவது பொதுமக்களுக்கு. ஐயாவின் அப்பாவுக்கும் இப்போது இடம் உண்டு. 1973-இல் சிங்கப்பூர் இவற்றை ஏற்றுத் தனிச் சட்டமும் போட்டது. கைதியை வேண்டுமென்றே கொல்வது, வதைப்பது, உடலில் சோதனை செய்வது, எதிரிப் படையில் சேரச் சொல்லி வற்புறுத்துவது, நியாயமான விசாரணையை மறுப்பது எல்லாம் அதில் குற்றம். செய்தவர் எந்த நாட்டவராக இருந்தாலும், எங்கே செய்திருந்தாலும் நம் நீதிமன்றம் விசாரிக்கலாம். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் சிங்கப்பூர் உறுப்பு நாடு இல்லை என்பதால் இந்த உள்நாட்டுச் சட்டத்தைத் தெரிந்துவைத்திருப்பது முக்கியம்.

ஆனால் வாசல் குறுகல். இந்தக் ‘கடும் மீறல்’ பிரிவுகள் நாட்டுக்கு நாடு நடக்கும் போருக்காக எழுதப்பட்டவை. உள்நாட்டுப் போரில் சரணடைந்தவருக்குப் போர்க்கைதி என்ற தகுதியே கிடைப்பதில்லை. நான்கு ஒப்பந்தங்களுக்கும் பொதுவான மூன்றாம் பிரிவின் குறைந்தபட்சப் பாதுகாப்புதான். 2022 ஜூலையில் கோத்தபாய ராஜபக்ச இங்கே வந்திருந்தபோது, இலங்கையின் 2009 உள்நாட்டுப் போர் தொடர்பாக அவரைக் கைது செய்யக் கோரி ஒரு மனித உரிமை அமைப்பு அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் மனு கொடுத்தது. குற்றச்சாட்டுகளை அவர் எப்போதும் மறுத்தே வந்திருக்கிறார். ஆகஸ்டில் தாய்லாந்துக்குப் போய்விட்டார். “ஏன் பிடிக்கல?” என்று அப்போது என்னிடம் கேட்காத ஆளில்லை. சட்டத்தில் முதலில் தாண்டவேண்டிய கேள்வி, அது எந்த வகைப் போர் என்பது. அந்த வேறுபாடு எனக்கே உறுத்துகிறது, ஆனால் இருப்பதை மறைத்து நம்பிக்கை கொடுப்பது என் வேலை இல்லை.

உங்களிடம் சாட்சியம் இருந்தால் ஒன்று சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் சுற்றிவிட்ட வீடியோவில், எப்போது எடுத்தது என்ற விவரம் பெரும்பாலும் அழிந்திருக்கும். எடுத்த போனை அப்படியே வையுங்கள். பார்த்தவர் தாமே, தம் மொழியில், தேதி போட்டு எழுதட்டும். கேட்டதையும் பார்த்ததையும் கலக்க வேண்டாம். ஃபேஸ்புக்கில் போடுவதற்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

அந்த ஐயாவிடம் வழக்கு இல்லை என்று சொன்னேன். அப்பா சொன்ன முகாம் பெயர், கங்காணி பெயர், கிளம்பிய மாதம், நினைவிருக்கிறதா என்று கேட்டேன். முகாம் பெயர் தெரியவில்லை. கூடப் போன நான்கு பேரின் பெயர் மட்டும் மனப்பாடமாக இருந்தது. என் பேனாவை வாங்கி, படத்தின் பின்புறம் எழுத ஆரம்பித்தார்.