ஆற்று மட்டியை ஊராட்சிப் பதிவேட்டில் ஏற்றுவது எப்படி?

வழக்கமாக ஜனவரி 28-இல் மேட்டூர் அணையை மூடுவார்கள். அப்புறம் காவிரி டெல்டாவின் அரசலாறு, வெட்டாறு, பாமணியாறு எல்லாம் மெல்ல வற்றும். மதகடி மடுவில் மட்டும் தண்ணீர் தேங்கி நிற்கும். ஆற்றுச் சிப்பிகளான மட்டிகள் ஈரச் சேற்றுக்குள் இறங்கி, ஓட்டை இறுக மூடிக்கொண்டு ஜூன் தண்ணீருக்காகக் காத்துக் கிடக்கும். அதற்குள் கோடையில் தூர்வார பொக்லைன் வந்துவிடுகிறது. அள்ளிக் கரையில் கொட்டிய சேற்றில் கறுப்பு ஓடுகள் தெரியும். வெயில் ஏறினால் ஒவ்வொன்றாக வாய் பிளந்துவிடும்.

தூர்வாராவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது, அதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் வேலை தொடங்கும் முன்பே "இந்த மடுவில் மட்டி இருக்கிறது" என்று காட்ட ஊரின் கையில் ஒரு காகிதம் வேண்டும். அதற்கு மட்டிக்கென்று தனித் திட்டம் தேடி அலைய வேண்டாம். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டமே போதும்.

அந்தச் சட்டத்தின் 41-ஆவது பிரிவுப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊர்க்காரர்களைக் கலந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிப்பது அதன் முக்கிய வேலை. 2020 ஜனவரிக்குள் பதிவேடுகளை முடிக்க வேண்டும், இல்லையென்றால் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நெருக்கியது. அந்த அவசரத்தில் எழுதியவற்றில் மரம், மாடு, மூலிகை, மீன் இருக்கும். சேற்றுக்குள் கிடக்கும் மட்டி விட்டுப்போயிருக்கவே வாய்ப்பு அதிகம். உங்கள் ஊர்ப் பதிவேட்டை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். தரவில்லையா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள்.

விட்டுப்போயிருந்தால் சேர்க்கலாம். எந்த மதகுக்குக் கீழே, எந்த மாதத்தில், எவ்வளவு நீளத்துக்கு மட்டி கிடைக்கிறது, முன்பு எங்கெல்லாம் கிடைத்தது, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அந்தக் குழுவிடம் எழுதிக் கொடுங்கள். ஆற்றில் இறங்கி மட்டி பொறுக்கிய பெண்களுக்கு இது அதிகாரிகளைவிட நன்றாகத் தெரியும். அவர்களை உட்காரவைத்துக் கேட்பது முதல் வேலை. ஓட்டின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுங்கள். லாமெல்லிடென்ஸா, பாரெசியாவா என்று இனம் சொல்ல அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல் துறையை அணுகலாம்.

அடுத்தது கிராம சபை. மார்ச் 22, மே 1 கூட்டங்கள் தூர்வாரும் காலத்தை ஒட்டியே வருகின்றன. அதிலும் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் இதைப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது. குறிப்பிட்ட மடுவைத் தோண்டாமல் விடுவது, அள்ளிய சேற்றில் வரும் மட்டியைப் பொறுக்கித் தண்ணீர் உள்ள இடத்தில் விடுவது என்று தீர்மானம் போட்டு நகலை நீர்வளத் துறைப் பொறியாளருக்கு அனுப்புங்கள். ஆட்சியர் அலுவலக விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் ஒரு பிரதி கொடுங்கள். பதிவேட்டில் ஏறியதாலேயே பொக்லைன் நின்றுவிடாது, அப்படி ஒரு தடை அதில் இல்லை. ஆனால் "எங்களுக்குத் தெரியாது" என்று பொறியாளர் சொல்ல முடியாது. என் கணக்கில் அதுவே பாதி வேலை.

முத்து வளர்ப்புக்கோ வேறு வியாபாரத்துக்கோ வெளியாட்கள் மூட்டை மூட்டையாக மட்டி அள்ளினால், பல்லுயிர் மேலாண்மைக் குழு அவர்களிடம் கட்டணம் வசூலிக்கலாம். அதோடு 7-ஆவது பிரிவுப்படி அவர்கள் மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பிழைப்புக்காக எடுக்கும் உள்ளூர் மக்களுக்கு 7-ஆவது பிரிவில் விலக்கு உண்டு. ஆகவே குழம்புக்குக் கூடையில் பொறுக்குகிறவரை யாரும் மிரட்டக் கூடாது.

2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகளை நம்பி மனு எழுதாதீர்கள். ஆற்றுப் படுகையும் பாசனத்துக்கென்றே வெட்டிய நீர்நிலையும் அதில் வராது. வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் போன்ற பறவைகள் சரணாலயங்களின் கதை வேறு. அங்கே வன உயிரினச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு இருப்பதால் அனுமதியில்லாமல் எதையும் அள்ளவோ அழிக்கவோ முடியாது.

கடைசியாக மீன். மட்டியின் இளம் உயிர் சில காலம் மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டி வாழ்ந்த பிறகே தரைக்கு இறங்கும். மீன் போனால் அடுத்த தலைமுறை மட்டியும் போகும். ஆற்றில் விஷம் கலந்தோ வெடி வைத்தோ மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமே குற்றமாக்கிவிட்டது. கண்டால் காவல் நிலையத்திலோ மீன்வளத் துறையிலோ எழுத்தில் புகார் கொடுங்கள், மனு ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.